பதினொரு நிமிடம் மூத்தவன்

ஏகாம்பரநாதர் காமாட்சியம்மன் துணை

பெரிய காஞ்சிபுரம்,
ஆடி 22, வியாழக்கிழமை.

சென்னையில் புத்தகக் கம்பெனியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் சிரஞ்சீவி வசந்துக்கு, அத்தை இந்திராணி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். மாமாவுக்கு முழங்கால் வலி, எனக்கு முதுகு வலி, அதைத் தவிர சுகம். உன் அம்மா சுகம். உன் அப்பாவும் உன்னோடு இரட்டையாகப் பிறந்த தேவேந்திரனும் தனித்தனியாகச் சுகம். சேர்ந்து சுகமாக இல்லை, அதைப் பிறகு எழுதுகிறேன். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறாயா, நெற்றியில் திருநீறு இருக்கிறதா என்பதற்கெல்லாம் உண்மையான பதில் போடவும்.

போனில் பேசாமல் எதற்குத் தாளும் பேனாவும் என்று கேட்பாய். போனில் சொல்லத்தான் செவ்வாய்க்கிழமை வாட்ஸப்பில் பேசிப் பதிவு போட்டேன். "வசந்து, அத்தை உன்கிட்ட ஒரு பாவத்த சொல்லணும்பா" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்குவதற்காக விரலை எடுத்தேன். அது உனக்குப் போகவில்லை. எங்கள் வெள்ளிக்கிழமை வழிபாட்டுக் குழுவுக்குப் போய்விட்டது. நாற்பத்தாறு பெண்கள். நான் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு அதை அழிப்பதற்குள் ஏழு பேர் கும்பிடு போட்டுவிட்டார்கள், இரண்டு பேர் பூ போட்டார்கள், பக்கத்து வீட்டு அலமு மட்டும் நேரிலேயே வந்து, "இன்னா பாவம் இந்திராணி, என்கிட்ட சொல்லு, பாதியா கொறையும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குக் காபி கொடுத்து, வேறு ஒரு சின்னப் பாவத்தைச் சொல்லி அனுப்பி வைத்தேன். ஆகவே கடிதம்.

இரட்டைப் பிள்ளைகளைப் பற்றிச் சிறுவர்களுக்காக நீ எழுதிய புத்தகத்தின் தாள்கள் கூரியரில் வந்தன. "புரியாத எடத்துல பென்சில்ல சுழிங்க அத்தை" என்று எழுதியிருந்தாய். ஐயம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தவளுக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும் என்று நினைத்திருப்பாய், நினைத்தது சரிதான். இரண்டு தடவை படித்தேன். உலகத்தில் இத்தனை இரட்டைகள் பிறந்து இத்தனை ரகளை செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒரு பென்சில் முழுதாகத் தீர்ந்தது. ஆனால் நான் சுழித்த இடமெல்லாம் ஒரே சந்தேகம்தான்: இரண்டில் யார் மூத்தவர்? நீ எங்கேயும் எழுதவில்லை. காட்டில் ஆசிரமத்தில் வளர்ந்த அந்த ராஜா வீட்டுப் பிள்ளைகளை எடுத்துக்கொள். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குப் போய்விட்டாள், முனிவர் தொட்டிலில் குழந்தையைக் காணோமே என்று பயந்து தர்ப்பைப் புல்லைக் கிள்ளி மந்திரம் சொல்லி அச்சு அசலாக இன்னொன்றைச் செய்துவிட்டார், அவள் திரும்பி வந்து பார்த்தால் இரண்டு. எங்கள் ஐயம்பேட்டையிலும் இப்படித்தான் சொல்லுவார்கள். அவ்வளவு பெரிய முனிவருக்கே அரை நாழிகை குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை என்பது எனக்கு எத்தனை ஆறுதல் தெரியுமா? எதற்கு ஆறுதல் என்பது பின்னால் வருகிறது.

அடுத்து ரோமாபுரியில் ஓநாய்ப் பால் குடித்து வளர்ந்த இரண்டு பேர். ஊர் கட்டும்போது யார் சொல்வது செல்லும் என்று சண்டை வந்து ஒருவன் செத்தே போனான். இவன்தான் மூத்தவன் என்று விரலை நீட்டிச் சொல்ல ஒரு அத்தை இருந்திருந்தால் அந்தக் கொலை விழுந்திருக்குமா? ஓநாயிடம் போய் யார் கேட்பது? சயாம் தேசத்தில் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிப் பிறந்து அமெரிக்கா போன இரண்டு பேரைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க வேறு வேலை ஓடவில்லை. அக்கா தங்கையைக் கட்டிக்கொண்டு, மூன்று நாள் இந்த வீடு, மூன்று நாள் அந்த வீடு, மொத்தம் இருபத்தொரு பிள்ளைகள். ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவருக்கும் கஞ்சிதானா? அண்ணன் தம்பிக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோனால் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புவது? உன் மாமாவிடம் கேட்டேன். "எனக்கு ஒட்டாமலே மொகத்த திருப்ப வழி இல்ல, அவங்கள ஏன் கேக்கற" என்று செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டார். ஆனாலும் அவர்கள் கொடுத்து வைத்தவர்கள் வசந்து. இரண்டு கல்யாணமும் ஒரே நாளில் ஆகிவிட்டது. மூத்தவனுக்கு முதலில் ஆகட்டும் என்று அங்கே யாரும் குறுக்கே விழவில்லை.

சிறுவர் கதைகளில் வரும் இரட்டைகளைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறாயே, அங்கேதான் பென்சில் முனை உடைந்தது. பட்டணத்துப் பெண்ணும் கிராமத்துப் பெண்ணும் சட்டை மாற்றிக்கொண்டு இடம் மாறுகிறார்கள், ஒருத்திக்குப் பதில் ஒருத்தி பரீட்சை எழுதுகிறாள், ஒருவன் முன்வாசலிலும் ஒருவன் பின்வாசலிலும் நின்று திருடனைப் பைத்தியமாக்குகிறார்கள். எல்லாம் சந்தோஷம். ஆனால் பிறந்த குழந்தைகளை மாற்றிவிடும் கதைகளில் ஒரு ஆயாம்மா வருகிறாள் பார். முதல் பக்கத்தில் மாற்றிவிடுகிறாள். அதோடு சரி. கடைசியில் அம்மாவும் பிள்ளைகளும் கட்டிக்கொண்டு அழும்போது அவளை யாரும் கூப்பிடுவதில்லை. நடுவில் இருபது வருஷம் அவள் எங்கே இருந்தாள்? சாப்பிட்டாளா? கோயிலுக்குப் போனால் சாமியின் முகத்தைப் பார்த்தாளா, காலை மட்டும் பார்த்துவிட்டு வந்தாளா? இதை யாரும் ஏன் எழுதவில்லை? இந்த இடத்தில் மூன்று சுழி சுழித்திருக்கிறேன்.

கடைசியாக ஆப்பிரிக்காவில் நைஜீரியா தேசத்து யோருபா ஜனங்கள். அவர்களுக்கு முதலில் வெளியே வரும் குழந்தைதான் தம்பியாம். "போய் வெளியில எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வா" என்று உள்ளே இருக்கும் அண்ணன் அனுப்பி வைப்பானாம். இதைப் போன வெள்ளிக்கிழமை கோயில் மண்டபத்தில் எங்கள் குழுவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அலமு துள்ளிக் குதித்தாள்.

"நான் அன்னைக்கே சொல்லலயா? பின்னால வர்றவந்தான் பெரியவன். ஷேர் ஆட்டோல பாரு, பெரியவங்க சின்னதுங்கள ஏத்திட்டு அப்புறமாத்தான ஏறுவாங்க?"

"நீ மட்டும் எப்பவும் மொத ஆளா ஏறிடற" என்றாள் இன்னொருத்தி.

"நான் எடம் புடிக்கறதுக்கு ஏறுவேன். அது வேற. வழி விடறவந்தான் பெரியவன், அவ்ளோதான் சொல்லுவேன்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு யோசனை. நேராக உன் அப்பா வீட்டுக்குப் போனேன். அங்கே இருக்கும் நிலைமை உனக்குப் பாதிதான் தெரியும். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். உன் அப்பா நடுவில் உட்கார்ந்து உடலை நெய்ய, தேவேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்து கரை நூல் ஓடும் நாடாவைத் தள்ள வேண்டும். இருபது நாளாக இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நான் போய் நின்றால், "இந்திராணி, அவன் ஜரிகை சுத்திட்டானா கேளு" என்கிறார் அவர். "சுத்தி அரை மணி நேரம் ஆவுதுன்னு சொல்லு அத்தை" என்கிறான் இவன். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்தான் இடைவெளி. தந்தி ஆபீஸ் மூடி எத்தனையோ வருஷம் ஆச்சு, அந்த வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

காரணம் ஏனாத்தூர்த் தீபிகா. அங்கே காலேஜ் நூலகத்தில் வேலை பார்க்கும் பெண். தேவேந்திரனும் அவளும் மூன்று வருஷமாக ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள், நல்ல பெண், என்னைப் பார்த்தால் பையை வாங்கிக்கொண்டு கூடவே நடப்பாள். உன் அப்பாவுக்கும் பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஆனால் மூத்தவன் நீ நிற்கிறாய். உன்னைக் கேட்டால் இந்தப் புத்தகம் முடியட்டும் என்கிறாய், அதற்கு முன் வேறு ஒரு புத்தகம் முடியட்டும் என்றாய். உன் அப்பா சொல்வது இது: "பெரியவன் நிக்கறப்ப சின்னவன் மணவறையில ஒக்காந்தா ஊரு இன்னா கேக்கும்? பெரியவனுக்கு இன்னா கொறைன்னு கேக்கும். என் புள்ளய ஒருத்தன் அப்படிக் கேக்க நான் வுடமாட்டேன்." உன் மேல் உள்ள பாசத்தில்தான் அவர் அவன் கழுத்தைப் பிடிக்கிறார். போனதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை தீபிகாவின் அப்பா வேலாயுதம் ஒரு தார் வாழைப்பழத்தோடு வந்தார். கோபமாக ஒரு வார்த்தை இல்லை. "ஆவணி பொறந்தா வேற ரெண்டு எடத்துல இருந்து பாக்க வராங்கங்க. அதுவரைக்கும் நான் யாருக்கும் வாக்கு குடுக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆவணி பிறக்க இன்னும் பத்து நாள். வாழைப்பழத்தைத் தேவேந்திரன் தொடவில்லை. சின்ன வயதில் தோலோடு தின்பவன்.

அதனால்தான் நைஜீரியாவைத் தூக்கிக்கொண்டு போனேன். தாளை வைத்துக்கொண்டு உன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். "பாருங்கண்ணா, எவ்ளோ பெரிய தேசம், அங்க பின்னால பொறந்தவந்தான் மூத்தவனாம். அப்படிப் பாத்தா தேவேந்திரன்தானே பெரியவன்?" தேவேந்திரனின் கையில் நாடா நின்றது. உன் அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "அது அந்த ஊரு. இது காஞ்சிபுரம். இன்னும் இன்னா எழுதியிருக்கான், மொதப் பக்கத்த படி" என்றார். முதல் பக்கத்தில் நீ முன்னுரையில் எழுதியிருந்தாய்: 'நானும் ஓர் இரட்டையன். என் தம்பி தேவேந்திரனைவிடப் பதினொரு நிமிடம் மூத்தவன்.' அதை மூன்று தடவை என்னைப் படிக்கச் சொன்னார். "கேட்டியா? அச்சுலயே வந்துட்ச்சி. இனிமே எவனும் மாத்த முடியாது" என்றார். தேவேந்திரன் எழுந்து போய்ப் பைக்கை உதைக்கும் சத்தம் கேட்டது. திங்கட்கிழமை புத்தகம் அச்சுக்குப் போகிறது என்று எழுதியிருக்கிறாய். அப்புறம் அது தீபிகாவின் நூலகத்துக்கும் வரும். அந்த வரி உள்ள புத்தகத்துக்கு அவள் தன் கையாலேயே நம்பர் எழுதி அலமாரியில் வைக்க வேண்டும். இதை நினைத்துத்தான் நேற்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே பாவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தொன்பது வருஷத்துக்கு முன் பங்குனி மாசம். நீங்கள் பிறந்து ஒன்பது நாள். ஆஸ்பத்திரியில் கையில் கட்டின சீட்டு நைந்து போனதால், நான் தறியிலிருந்து பட்டு நூல் எடுத்து, முதலில் பிறந்தவனுக்கு அரக்கு, இரண்டாவது பிறந்தவனுக்குக் கிளிப்பச்சை என்று மணிக்கட்டில் கட்டி வைத்திருந்தேன். அன்றைக்குக் காலையில் உங்களைக் குளிப்பாட்டினேன். பார்த்தால் அரக்கு சாயம் விடுது வசந்து. குழந்தை கையெல்லாம் செவப்பு. உங்கப்பா தோச்ச சாயம்பா அது. "என் சாயம் வண்ணான் துறைக்குப் போயிட்டு வந்தாலும் அப்படியே இருக்கும்"னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தவரு. அவரு கண்ணுல பட்டா அன்னைக்கு வூடு ரெண்டாயிடும். அவரு வர்றதுக்குள்ள நூல அவுத்துட்டு, பயத்தமாவு போட்டு அந்தக் கைய துளிக்கூட செவப்பு இல்லாம தேச்சு எடுத்தேன். பச்சையும் விட்டுடப் போவுதுன்னு அதையும் அவுத்தேன். கூடத்துல பாய் போட்டு, வலது பக்கம் மூத்தவன், எடது பக்கம் எளையவன், நல்லா மனசுல பதிய வெச்சுக்கினு படுக்க வெச்சேன். வேற நூல் எடுத்தாந்து கட்டலாம்னு திரும்பறேன், தெருவுல மேளச் சத்தம். ஏகாம்பரநாதர் கோயில் அறுபத்து மூவர் ஊர்வலம். உங்கம்மா கட்டில்ல கண்ண மூடிக்கினு படுத்திருந்தாங்க. ஒரே ஒரு கும்புடு போட்டுட்டு வந்துடலாம்னு முன்வாசல் வழியா ஓடினேன்.

அறுபத்து மூணு பேரு வந்தா ஒரு கும்புடுல எப்படி முடியும், நீயே சொல்லு. ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கும்புட்டேன். பின்னால நின்னவங்களுக்கு இவரு யாரு அவரு யாருன்னு எடுத்துச் சொன்னேன். திரும்பினா நம்ம முன்வாசல அடைச்சுக்கினு நூறு பேரு நிக்கறாங்க. சந்துல பூந்து பின்வாசல் வழியா உள்ள வந்தேன். புது நூல எடுத்தேன். வலது பக்கம் இருந்தவனுக்கு அரக்கு கட்டினேன், எடது பக்கம் இருந்தவனுக்குப் பச்சை கட்டினேன். அடுப்பங்கரைக்குப் போயி காபி கலக்கறப்பதான் கை அப்படியே நின்னுபோச்சு. முன்வாசல்ல இருந்து பாத்தா வலது பக்கம். பின்வாசல்ல இருந்து வந்து நின்னா அது எனக்கு எடது பக்கம் இல்லையா? தெருவுல அறுபத்து மூணு பேருக்குத் தப்பில்லாம பேர் சொன்னவ, வூட்டுல இருந்த ரெண்டு பேர மாத்திட்டேன்.

டம்ளரோடு ஓடி வந்தேன். அதற்குள் உன் அப்பா வந்துவிட்டார். அரக்கு நூல் கட்டிய கையைத் தூக்கி வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டி, "இவந்தான் என் மூத்த மவன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் முகம் இருந்த இருப்புக்கு என் வாய் திறக்கவில்லை. இன்றைக்கு வரை திறக்கவில்லை. வருஷா வருஷம் அறுபத்து மூவர் ஊர்வலத்தில் நான் பானகம் ஊற்றுவது பக்தி என்று நினைத்தாயா? அபராதம். உனக்கு ஏழு வயசிருக்கும்போது, "எப்பவும் அவனுக்கே ஏன் அத்தை மொத அதிரசம்?" என்று கேட்டு அழுதாய். அவன் சின்னவன், அதனால் என்று சொன்னேன். அது பொய். அவன் பெரியவன், அதனால்தான் கொடுத்தேன். திருநீறு பூசுவதும் அவனுக்குத்தான் முதலில். ஊருக்குத் தெரியாமல் நான் ஒருத்தியாவது முறையைக் காப்பாற்றிக்கொண்டு வந்தேன்.

ஆகவே வசந்து, நீ மூத்தவன் இல்லை. நீ இளையவன். இதை நானே உன் அப்பாவிடம் சொல்லலாம்தான். ஆனால் நைஜீரியாவைக் கொண்டுபோய் நம்பிக்கையைக் கெடுத்துக்கொண்டேன். இதுவும் தேவேந்திரனுக்காக நான் கட்டும் கதை என்பார். நீ இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரில் வந்து, "நான் பெரியவன் இல்லப்பா" என்று சொன்னால் நம்புவார். தன் பெரியவன் பட்டத்தைத் தானாக வந்து எவன் கொடுப்பான்? தம்பிக்கு முன்னால் அண்ணனுக்குக் கல்யாணம் ஆவதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை, உனக்கு என்ன குறை என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள். முன்னுரையில் உள்ள அந்த வரியைத் திங்கட்கிழமைக்குள் எடுத்துவிடு. என் மேல் கோபம் இருந்தால் திட்டி எழுது, ஆனால் தனித் தாளில் எழுது, மாமா படிப்பார்.

காமாட்சி உனக்குக் கண்ணுக்குக் கண்ணாக இருப்பாள். உன் புத்தகம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போகட்டும், உன் எழுத்தைப் படித்த பிள்ளைகள் அறிவோடு இருக்கட்டும், உனக்கும் ஒரு நல்ல பெண் வந்து சேரட்டும். மாமா விசாரித்ததாகச் சொன்னார், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

இப்படிக்கு,
உன்னை மாற்றிவிட்ட அத்தை,
மு. இந்திராணி

பின்குறிப்பு (இது தனித் தாள், இதை யாருக்கும் காட்டாதே): உறை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது உன் அம்மா முறம் கேட்டு வந்தார்கள். மேசை மேல் கடிதம் கிடந்தது. நின்றபடியே எல்லாத் தாளையும் படித்தார்கள். நான் பசையை மறந்து அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். படித்து முடித்ததும் உட்கார்ந்து, நான் கொடுத்த முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தவர்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் நிறுத்தவில்லை.

"கண்ண மூடிக்கினுதான் படுத்திருந்தேன். தூங்கனேன்னு யாரு சொன்னது? நீ பின்வாசல்ல வந்து மாத்திக் கட்டனத பாத்துக்கினேதான் இருந்தேன். நீ காபி கலக்கப் போனதும் எழுந்து வந்து அவுத்துச் சரியா கட்டிட்டேன்."

"என்கிட்ட ஏன் அண்ணி சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. ஒம்பது நாள் பச்ச ஒடம்பு, ரெண்டு கைக்கொழந்த, இதுல உன்னையும் எவ தேத்தறது? நீ தப்பு பண்ணதே உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். இருபத்தொம்பது வருசமா பானகம் ஊத்துவன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஆக, வசந்து, நீதான் மூத்தவன். ஒரு நிமிடம் கூடக் குறையவில்லை. மேலே எழுதியது ஒன்றும் நிஜம் இல்லை. இத்தனை வருஷம் முதல் அதிரசத்தைச் சின்னவனுக்குக் கொடுத்துப் பெரியவனை அழவிட்டிருக்கிறேன், வந்தால் ஒரு சட்டி சுட்டுத் தருகிறேன், யாருக்கும் கொடுக்காமல் நீயே தின்னு. இனி இந்தக் கடிதம் எதற்கு என்று கிழிக்கப் போனேன். உன் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"கிழிக்காத. ஒட்டு."

"பொய்யாச்சே அண்ணி?"

"எழுதறப்ப நெசம்னு நெனச்சுத்தான எழுதின? அப்ப அது உன் கணக்குல பொய் இல்ல. நான் சொன்னத தனித் தாள்ல எழுதி வையி. அவன் இன்னா பண்றானோ பண்ணட்டும்."

"அவனுக்கு ஒண்ணும் சொல்ல வேணாமா?"

உன் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்துச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"மூத்தவனா லட்சணமா, நான்தான் எளையவன்னு சொல்லச் சொல்லு."